இரண்டாவது புள்ளி

ஒரு தடவை சிமிட்ட வேண்டிய விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது.

மலேசியாவில் பத்து பகாட் ஊர்க் கடற்கரையை விட்டுக் கிழக்கே திரும்பிய கொஞ்ச நேரத்தில் ரூபேந்திரன் அதைக் கவனித்தான். ட்ரான்ஸ்பாண்டர் என்று அந்தப் பெட்டிக்குப் பெயர். கீழேயிருந்து ராடார் வந்து தொடும்போதெல்லாம், இந்த விமானத்துக்கென்று கொடுத்த நாலு எண்ணை அது திருப்பிச் சொல்லும். சொல்லிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு ஆரஞ்சு விளக்கு ஒரு தடவை சிமிட்டும். இன்றைக்கு டக், டக் என்று இரண்டு. பறக்கக் கற்றுத்தரும் கிளப்புடைய இந்த விமானம் அவனை விட மூத்தது, பெட்டியும் அந்தக் காலத்துப் பெட்டி, இதில் எதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று முனகிக்கொண்டு விட்டுவிட்டான்.

மணி நாலு இருபது. வெயில் இருந்தது, ஆனால் புகைமூட்டம் அதை மஞ்சளாகக் கரைத்து வானம் முழுக்கப் பூசி வைத்திருந்தது; கீழே செம்பனைத் தோட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்து, மங்கி, மறுபடி தெரிந்தன; உள்ளே சூடான ரெக்சின் சீட்டின் வாடையும் என்ஜின் எண்ணெய் வாடையும் கலந்து தொண்டையில் நின்றன. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, தூங்க வேண்டிய பகலெல்லாம் தூங்காமல் படித்து வாங்கப்போகிற லைசென்ஸ். தனியாக இந்த ஒரு சுற்றை முடித்துவிட்டால் அது கைக்கு வந்துவிடும்.

அவன் மனைவி யோகேஸ்வரிக்கு இந்தப் பறக்கிற பைத்தியம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. காலையில் பதினோரு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

“அஞ்சு மணிக்குள்ள எறங்கிடுங்க. நான் கவினாவத் தூக்கிட்டு கிளப்பு வேலிகிட்ட வந்து நிப்பேன். நீங்க எறங்கி வந்து பிள்ளைய வாங்குனாத்தான் எனக்கு உசுரு வரும்.”

“வர்றேன்டி. எங்க போயிடப் போறேன்?”

கூலாய் பக்கம், தோட்டத்துக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஓடுபாதைக்குத் திரும்ப வேண்டுமென்றால் ராணுவ வானத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் போர் விமானங்கள் பயிற்சி செய்துகொண்டிருக்கும். நடுவில் சின்ன விமானங்களுக்கென்று இரண்டு மைல் அகலத்தில் ஒரு சந்து. அதைப் பற்றி கேப்டன் அர்ச்சுனன், அவனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், காலையில்கூடச் சொல்லி அனுப்பினார். “ஜெட்டுக்காரன் ஒன்ன கண்ணால பாக்கமாட்டான்டா. ஸ்கிரீன்லதான் பாப்பான். அங்க அந்தப் பொட்டிதான் ஒன் ஐசி, ஒன் அடையாள அட்டை. செத்தாலும் அமத்தாத.”

சந்துக்குள் நுழைந்ததும், வாலில் எழுதியிருக்கிற டெல்டா கிலோ என்ற விமானப் பெயரைச் சொல்லி, காதுக்குள் ராடார்காரர் பேசினார். நடுவயது மலாய்க்காரர் குரல், களைப்பு, மரியாதை. இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசினார். நம் பேச்சில் சொன்னால் இதுதான்.

“டெல்டா கிலோ, உங்க பின்னால இன்னொரு சின்ன விமானம். மூணு மைல். அதே உயரம், அதே வேகம். கூட யாராச்சும் வர்றாங்களா?”

“இல்ல சார். தனியாத்தான் வர்றேன்.”

“ஓகே லா. பாத்துக்குங்க.”

கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். புகை. வாலின் நுனிகூட அதில் பாதி கரைந்திருந்தது. அப்போதுதான் சத்தம் பிடிபட்டது. தன் என்ஜின் சத்தத்துக்கு அடியில், தாளம் கொஞ்சம் பிந்தி, இன்னொரு என்ஜின் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். அவன் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது, கூட்டினால் அதுவும் கூடியது.

“டெல்டா கிலோ, ரெண்டு மைல். அது காட்டுறதும் உங்க நம்பர்தான்.”

விமானத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்தான். அதுவும் திரும்புகிறது என்றார் ராடார்காரர். வலது பக்கம் திருப்பினான்.

“அலமாக்... ஐயோ, ஒரு மைல்.”

அந்த நேரம் பார்த்து வலப்புறப் புகையைக் கிழித்துக்கொண்டு இரண்டு ஜெட் மேலே போயின. பார்ப்பதற்குள் போய்விட்டன, சத்தம் மட்டும் பின்னால் வந்து நெஞ்சுக்கூட்டை உலுக்கியது.

“டெல்டா கிலோ, இன்னும் மூணு நிமிஷத்துல நாலு ஜெட் உங்க சந்தக் குறுக்க வெட்டிப் போகுது. என் ஸ்கிரீன்ல ஒரு புள்ளின்னா நான் அவங்கள வெலக்கி விடுவேன். ரெண்டு இருக்கு. எது நீங்கன்னு எனக்குத் தெரியல.”

என்ன செய்வது, என்ன செய்வது என்று அடித்துக்கொண்ட ரூபேந்திரன் மனசுக்குச் சட்டென்று கிளப்பு வைத்தியம் ஞாபகம் வந்தது. பழைய பெட்டி கோளாறு பண்ணினால் அங்கே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவது. எத்தனை தடவை அவனே செய்திருக்கிறான்! அர்ச்சுனன் சொன்னது காதில் கேட்கத்தான் செய்தது. ஆனாலும் பயந்தவன் கை பழகின வேலையைத்தான் செய்யும்.

“சார், இது பழைய பொட்டி. ஒண்ண ரெண்டா காட்டுது போல. அமத்திட்டுப் போடுறேன்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திருகினான். விளக்கு அணைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

“டெல்டா கிலோ. சரியாயிடுச்சு சார்.”

அவன் பேசவில்லை. பேசுகிற பொத்தான் மேல் அவன் விரலே இல்லை. ஆனால் குரல் அவனுடையது. ‘சார்’ என்கிறபோது தொண்டையில் லேசாக இடறுமே, அந்த இடறல்கூட.

“நல்லது, டெல்டா கிலோ. இப்ப ஒரே புள்ளிதான்.” ராடார்காரர் நிம்மதியாகச் சிரித்தார். “ஜெட்டுகள உங்களுக்கு மேல ஏத்தி விட்டுட்டேன். நேரா வீட்டுக்குப் போங்க.”

“தேங்க்ஸ் சார். பொண்டாட்டி பிள்ளையோட காத்துக்கிட்டிருக்கா.”

ஐயோ சாமி! பொத்தானை அழுத்தினான். “சார், நான்தான் டெல்டா கிலோ! அது நான் இல்ல!” பதில் இல்லை. பெட்டியைப் போட்டான். விளக்கு சிமிட்டவில்லை. அணைத்தான். போட்டான். ஓங்கிக் குத்தினான். ராடார் அவனைத் தொடவே இல்லை.

வெள்ளையாக ஏதோ அவனுக்கு அடியிலிருந்து முன்னால் நகர்ந்து வந்தது. இறக்கை. நீலக் கோடு. வாலில் அதே எழுத்து. கண்ணாடிக்குள் ஒரு தலை. அவன் தொப்பி. அவன் தோள். அது திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமில்லாமல், ஒழுங்காக, வீட்டுப் பாதையில் போனது.

அப்போது ஜெட்டுகள் வந்தன. அவனுக்கு மேலே அல்ல, நேராக. நாலு. விலக இடமில்லை. அவன் கத்தினான். ஒன்று கண்ணாடி முழுக்க நிறைந்து, அவன் முகத்துக்குள்ளேயே புகுந்து, பின்னால் வெளியேறி, போயே போய்விட்டது. விமானம் ஆடவில்லை. சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் துரத்தத்தான் துரத்தினான். “யோகி, நம்பாத, கொடுக்காத, பிள்ளையக் கொடுக்காத” என்று யாருக்கும் கேட்காத மைக்கில் அழுதுகொண்டே துரத்தினான்.

ஓடுபாதை தெரிந்தபோது அது இறங்கிக்கொண்டிருந்தது. அழகாக இறங்கியது. அவன் ஒரு நாளும் அப்படி இறக்கியதில்லை. இவனும் இறக்கினான். ஐந்நூறு அடி. முந்நூறு. இருநூறு. அதற்குக் கீழே விமானம் போகவில்லை. விமானத்தின் மூக்கைக் கீழே குத்தினான். என்ஜினையே அணைத்தான். இருநூறு. அசையாமல் இருநூறு.

வேலிக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரி. பச்சைச் சட்டையில் கவினா. கிளப்பு வாசலில் நின்று கை தட்டும் அர்ச்சுனன். தலைக்கு மேலே வட்டமடித்தான். ஒருத்தரும் நிமிரவில்லை.

அது இறங்கி நடந்து வந்தது. தொப்பியைக் கழற்றியது. யோகேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளையை நீட்டினாள். கவினா தாவிப் போனாள். அழக்கூட இல்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அது முதல் தடவையாக நிமிர்ந்தது. நேராக அவனைப் பார்த்தது. கவினாவின் கையைப் பிடித்து, மேலே தூக்கி, மெதுவாக டாட்டா காட்ட வைத்தது.

யோகேஸ்வரியும் அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு, “யாருக்குங்க?” என்று சிரித்தாள்.