முதுகில் இருந்தது

படத்தில் அவள் முதுகில் ஒரு குழந்தை இருந்தது.

வேலைக்காரி சூயின், கையிலிருந்த தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கால்வாய்ப் படியில் குந்தி அரிசி களைவது அவள்தான்; முழங்கையில் ஒட்டுப்போட்ட அதே நீலச் சட்டை. சீனத்துச் சூசோ நகர மக்கள் 'மா ஐயா' என்று கூப்பிடும் அந்த ஹங்கேரிக்காரர், அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் தன் ஜன்னலில் உட்கார்ந்தபடி ஊரையே கரியால் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார். தலை மழிப்பவன், பன்றி ஓட்டுகிறவன், வாத்து விற்பவள், எல்லாரும் உள்ளது உள்ளபடியே இருந்தார்கள். அவள் முதுகில் மட்டும், துணிக்கட்டுக்குள், ஒரு சின்னத் தலை.

"எனக்குப் புள்ள கெடையாதே, ஐயா."

"தினமும் கட்டிக்கிட்டுத்தானேம்மா வேலைக்கு வர்ற?" என்றார் அவர். "தலையிலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. தொடைச்சு விடு. அந்தச் செவப்புத் துணியும் ஓரம் கிழிஞ்சிருக்கு."

அந்தச் சிவப்புத் துணியைத் தைத்தவள் அவள். அதில் சுற்றித்தான் போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவள் புருஷன் தேஹாய் பிள்ளையைப் புதைக்க எடுத்துப் போனான். செத்தே பிறந்தது என்று சொன்னான். அவள் மயக்கத்தில் கிடந்தாள்.

பட்டுக்கூடு வேகும் நாற்றமும் கால்வாய்ப் பாசியின் வாடையும் பனிமூட்டத்தோடு கலந்து மூச்சை அடைக்க, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் வீட்டுக்கு நடந்தபோது, தோள்பட்டை இரண்டும் பாரம் சுமந்ததுபோல் வலித்தன. சட்டையின் பின்புறம் நனைந்து உடம்போடு ஒட்டியது. பிடரியில் புளித்த பால் மணத்தது.

திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

தேஹாய் கால்வாயோர வாசலில் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, நம்ம புள்ள அழுதுச்சா?"

"செத்துப் பொறந்தது எப்பிடிடி அழும்?"

"அப்போ அது தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கண் கால்வாய்த் தண்ணீருக்குப் போனது.

"பொட்டப்புள்ள," என்றான். "அந்த வருஷம் நமக்கே கஞ்சி இல்ல. உனக்கு மட்டும் தெரியாதா?"

சொல்லிவிட்டு இன்னொரு கடலையை எடுத்தான்.

அவள் விரல்கள் தாமாகவே மார்புக்குப் போயின. அங்கே ஈரமாய் ஒரு துணி முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். அவன் பின்னால் போய் நின்று, தோள்வழியே கைகளைக் கொண்டுவந்து, அவன் மார்பில் இறுக்கிக் கட்டினாள்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்ல."

அவள் முதுகு லேசானது. அவன் முதுகு வளைந்தது.

கை கழுவ அவன் கால்வாய்ப் படியிறங்கினான். குனிந்தான். இன்னும் குனிந்தான். நெற்றி தண்ணீரைத் தொட்டது. மூக்கு. வாய். கைகள் படியைப் பிறாண்டின.

கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

எதிர் ஜன்னலில் மா ஐயா புதுத் தாளில் குனிந்திருந்தார்.

பிறாண்டல் நின்றது. கால்வாய் அசையவில்லை. அவனுடைய காய்ந்த சட்டை முதுகில் மட்டும், சின்னஞ்சிறு பாதங்கள் இரண்டு, உதைத்து உதைத்து ஈரமாய்ப் பதிந்துகொண்டே இருந்தன.