பூவாயிக்குப் பிடித்த பாட்டுப் பெட்டி

கமலவேணி வீட்டு ரேடியோ அடி வாங்காமல் பேசாது.

காலை ஆறு மணிக்கு அப்பா சின்னராஜ் அதன் குமிழைத் திருகுவார். உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி. அப்பா கையை ஓங்கி அதன் மண்டையில் 'டொப், டொப்' என்று இரண்டு வைப்பார். உடனே திருச்சி வானொலி தெளிவாகப் பேசத் தொடங்கும். மாலை ஆறு மணிக்கும் இதே கதைதான்.

"எங்க வாத்தியாரே பரவாயில்லீங்கப்பா. என்ன தப்புன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பாரு" என்பாள் கமலவேணி.

ரேடியோ ஜன்னலில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மாடு கட்டும் இடம். அங்கே பூவாயி நிற்கும். பூவாயி ஓர் எருமை.

ரேடியோ பேசியதும் அம்மா சாரதாமணி பால் கறக்கும் பாத்திரமான போசியை எடுத்துக்கொண்டு பூவாயியிடம் போய் உட்காருவாள். ரேடியோ ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் போசி நுரை கட்டி நிறைந்துவிடும்.

பூவாயியின் முதுகில் உட்கார்ந்துதான் கமலவேணி வாய்ப்பாடு படிப்பாள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றாலும் பூவாயி தலையாட்டும். அப்படிப்பட்ட தோழி ஐந்தாம் வகுப்பில் ஒருத்தியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டூரில் வேலை பார்க்கும் சுவாமிநாதன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கையில் பளபளவென்று ஒரு பெட்டி.

"மச்சா, இதுதான் டேப் ரெக்கார்டர். நம்ம நெனச்ச நேரம் நெனச்ச பாட்டு. ரேடியோக்காரன் போடறதையே கேக்கோணும்னு தலையெழுத்தில்லை."

அப்பா ஒரு பொத்தானை அழுத்தினார். பாடியது. இன்னொன்றை அழுத்தினார். நின்றது. மறுபடி அழுத்தினார். விட்ட இடத்திலிருந்து பாடியது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைத் தேங்காய் நல்ல விலைக்குப் போன வருஷம்கூடக் கமலவேணி பார்த்ததில்லை.

"என்ன பாட்டு வரும்னு தெரியாம காத்திருந்து கேக்கறதுலதானுங்க ருசி" என்றாள் அம்மா. யாரும் கேட்கவில்லை. டேப் பாடிக்கொண்டிருந்தது.

மாமா ஊருக்குத் திரும்பும்போது பழைய ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சேலத்தில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லித்தான் புதியதை வாங்கியிருந்தாராம்.

அன்று மாலை ஆறு மணி. அப்பா டேப்பைப் போட்டார். அம்மா போசியோடு போய் உட்கார்ந்தாள். பூவாயி பருத்திக்கொட்டையைத் தின்றது. புண்ணாக்கைத் தின்றது. கொஞ்சம் வைக்கோலும் தின்றது. பால் மட்டும் விடவில்லை.

மறுநாளும் விடவில்லை. அதற்கு மறுநாள் ஒரு டம்ளர் கிடைத்தது. அதுவும் போனால் போகிறதென்று கொடுத்த மாதிரிதான் இருந்தது.

"கேட்டீங்களா? எருமைக்கு டேப்பு புடிக்கல. என்னாட்டமே அவளுக்கும் ரேடியோதான் புடிக்கும்" என்றாள் அம்மா.

"எருமைக்கு என்ன புள்ள பாட்டுத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியறதைவிட நல்லாத் தெரியும்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்திப் பாட்டு போட்டார். தாலாட்டு போட்டார். நாதஸ்வரம் போட்டார். நாதஸ்வரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டாரைப் போட்டதும் கரண்ட் குறைந்தது. நாதஸ்வரம் வயிற்றுவலி வந்த மாதிரி இழுத்து இழுத்து முனகியது. பூவாயி அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா டேப்பை நிறுத்தினார்.

செய்தி ஊருக்குள் பரவியது. மைக் செட் வேலுமணி நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். திருவிழா, கல்யாணம் எதுவானாலும் அவருடைய புனல் ஒலிபெருக்கிதான் மரத்தில் ஏறும்.

"சின்னராசண்ணா, ரேடியோவும் டேப்பும் பொம்மைங்க. பாட்டுன்னா ரெக்கார்டுதான். தட்டு சுத்தோணும், முள்ளு உக்காரோணும், ஊரே அதிரோணும். எருமை என்ன, உங்க வேலிக் கல்லே பால் குடுக்கும்."

வேப்பமரத்தில் புனல் ஏறியது. தட்டு சுழன்றது. முள் உட்கார்ந்தது. ஊர் அதிர்ந்தது.

கோழிகள் கூரைமேல் ஏறிக்கொண்டன. தெருக்கோடியிலிருந்து சென்னியம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஒரு தட்டில் தேங்காய் பழத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, யாருக்குங்க காதுகுத்து?"

"எருமைக்குங்க" என்றார் அப்பா வெறுத்துப்போய்.

"அட, சொல்லவே இல்லீங்களே!" என்று தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சென்னியம்மாள் பந்தி எங்கே என்று தேடினார்.

பூவாயி வாழைப்பழத்தைத் தின்றது. பால் தரவில்லை.

அன்று இரவுச் சோற்றின்போது அப்பா முடிவைச் சொன்னார். "செவ்வாய்க்கிழமை பூவாயியைப் புதன்சந்தைக்கு ஓட்டிட்டுப் போயி வித்தறலாம்."

புதன்சந்தை என்ற ஊரில் மாட்டுச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. இதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் எந்தக் குழப்பமும் கிடையாது. ஆனால் கமலவேணி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அந்தப் பொட்டியை விக்கறது!" என்றாள் அம்மா.

"பொட்டி கேட்டா பாடுது. எருமை கேட்டாப் பால் தருதா?"

கமலவேணி மெதுவாக எழுந்து கை கழுவப் போனாள். கை கழுவ அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. முகத்தையும் இரண்டு முறை கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுப் பூவாயியிடம் ஓடினாள். புதுக் கயிறு ஒன்று தூணில் தொங்கியது. சந்தைக்குப் போகிற மாட்டுக்குப் புதுக் கயிறு கட்டுவார்கள். அதைப் பார்க்காத மாதிரி அவள் திரும்பி உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன பாட்டுத்தாண்டி வேணும்?" என்று கேட்டாள். "சொல்லு. நான் பாடறேன்."

பூவாயி அவள் தலையை முகர்ந்தது. நக்கியும் பார்த்தது.

கமலவேணி யோசித்தாள். ரேடியோவில் தினமும் ஒரே பாட்டா வந்தது? இல்லை. சில நாள் வீணை. சில நாள் நெல்லுக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று ஒருவர் இருமிக்கொண்டே பேசுவார். ஒரு நாள், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் போசி நிறைந்ததே!

அப்படியென்றால் பூவாயி கேட்டது பாட்டை இல்லை!

அவள் எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். அப்பா டேப் ரெக்கார்டரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! நீங்க ரேடியோவை மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"கேப்பேன்."

"அதுக்கு முன்னாடிங்கப்பா?"

"குமிழைத் திருகுவேன்."

"அப்புறம்?"

"கொர்ருன்னு சத்தம் வரும்."

"அப்புறம்?"

அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். "மண்டையில ரெண்டு போடுவேன். அது எதுக்குக் கண்ணு இப்போ?"

"இன்னைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை நான் சொல்றபடி கறந்து பாருங்கப்பா. பால் வரலீன்னா நானே கயித்தைப் புடிச்சுச் சந்தைக்குக் கூட வாரேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கூட வருவது என்றால், திரும்பி வரும்போது வெறும் கயிற்றோடு வர வேண்டும்.

ஆறு மணி ஆனது. அம்மா போசியோடு உட்கார்ந்தாள். அப்பா வாசலில் நின்றார். கமலவேணி ஒரு காலி பிஸ்கட் டின்னை ரேடியோ இருந்த இடத்தில் ஜன்னலில் வைத்தாள். குமிழைத் திருகுவதுபோல் கையைத் திருகினாள்.

"கொர்ர்ர்ர்ர்" என்றாள் வாயால்.

பூவாயி அசை போட்டது. அம்மா காம்பைப் பிடித்தாள். ஒரு சொட்டுகூட இல்லை.

"விடு கண்ணு" என்றார் அப்பா. "நாளைக்கு நேரத்துல எந்திரிக்கோணும்."

"இன்னும் முடியலீங்கப்பா!"

கமலவேணி கையை ஓங்கினாள். டின்னின் மண்டையில் போட்டாள்.

டொப். டொப்.

பூவாயி அசை போடுவதை நிறுத்தியது. இரண்டு காதுகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. வால் ஒரு முறை ஆடியது.

சர்ர்ர்.

போசியின் அடியில் பால் விழும் சத்தம் கேட்டது. சர்ர், சர்ர், சர்ர். சீக்கிரமே அந்தச் சத்தம் மாறி, நுரைக்குள் விழும் சத்தமானது.

"ஏனுங்க! இங்க வாங்க! இன்னொரு போசி எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினாள் அம்மா. இத்தனை நாள் சேர்த்து வைத்தது எல்லாம் வருகிற மாதிரி இருந்தது.

அப்பா போசியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்படியே நின்றார். "அட, மூணு வருசமா நான் அடிச்சதும் நீ வந்து உக்காந்திருக்க. அவளுக்கு அதுதான் மணியடிக்கறது போல இருக்குது!"

"பாட்டெல்லாம் அவளுக்கு வெறும் சத்தமுங்கப்பா" என்றாள் கமலவேணி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததால் அவளுக்கு விக்கல் எடுத்தது.

அப்பா தூணிலிருந்த புதுக் கயிற்றை எடுத்தார். கமலவேணி பயந்துபோனாள். அவர் அதை அவள் கையில் கொடுத்தார். "வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டிக்க, சாமி."

"அப்படின்னா இனிமே தினமும் டேப்பை ரெண்டு போடு போட்டாப் போச்சு" என்றாள் அம்மா.

அப்பா பதறிப்போய் டேப் ரெக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டார். "புதுசையா? இதைத் தொட்டாப் பாத்துக்க!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவாமிநாதன் மாமா மறுபடி வந்தார். அக்கா ரேடியோ இல்லாமல் வாடுகிறாள் என்று யாரோ மேட்டூர் வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு குட்டி டிரான்சிஸ்டர்.

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. "இதை எங்கடா அடிக்கோணும்?"

"ஐயோ, அடிக்காதீங்கக்கா! திருகுனாலே பேசும்!"

அன்று மாலை ஆறு மணிக்கு ஜன்னலின் ஒரு பக்கம் அம்மாவின் டிரான்சிஸ்டர். மறுபக்கம் அப்பாவின் டேப் ரெக்கார்டர். இரண்டும் ஒரே நேரத்தில் பாடின. வேலுமணியும் ஒரு தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வேலிப் பக்கம் நின்றார்.

பூவாயி யாரையும் கண்டுகொள்ளாமல் அசை போட்டுக்கொண்டிருந்தது.

"எங்க, மூணுல எது நல்லாயிருக்குதுன்னு அதையே கேப்போம்" என்றார் மாமா.

கமலவேணி ஊஞ்சலிலிருந்து குதித்து வந்தாள். இரண்டு பெட்டிகளையும் தள்ளி வைத்து, நடுவில் பிஸ்கட் டின்னை வைத்தாள்.

டொப். டொப்.

பூவாயி காதைத் திருப்பியது.