காய்ந்த பிறகு மூடவும்

பொம்மையின் கை சூடாக இருந்தது.

காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கைக்குச் சூடு என்று ஒன்று கிடையாது. உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்றிருக்கும், காய்ந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது, அவ்வளவுதான். இதை விரலால் சோதிக்க முடியாது; விரல்கள் காலையிலிருந்து பசையில் ஊறி மரத்துப் போயிருக்கும். கன்னத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக அவன் அப்படித்தான் பார்க்கிறான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, குடியிருப்பின் தரைத்தளத்திலிருந்த டேபிள் டென்னிஸ் அறையில், தான் செய்த அப்பா பொம்மையின் வலது கையில் கன்னத்தை வைத்தவன் சட்டென்று விலகினான். பிறகு தன் கன்னத்தையே தொட்டுப் பார்த்தான். அதுதான் சில்லென்றிருந்தது.

‘அப்போ எனக்குத்தான் உடம்பு சரியில்லை’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். தனியாக இருப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சமாதானங்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். எதிர்த்துப் பேச ஆள் இல்லையே.

அது பகலில் ஆளில்லாத கட்டடம். எட்டரைக்குப் பள்ளி வண்டிகளும் ஒன்பதுக்கு அலுவலக வண்டிகளும் போய்விட்டால், அறுபது வீடுகளும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எங்கோ ஒரு குழாய் சொட்டும், லிஃப்ட் யாரும் கூப்பிடாமல் இரண்டாவது மாடி வரை போய்விட்டு எதற்குப் போனோம் என்று தெரியாமல் இறங்கி வரும். மைதாப் பசையின் புளித்த வாசனையும், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கலந்த மயில்துத்தத்தின் கரிப்பும், நனைந்த அட்டையின் மக்கலும் சேர்ந்து, அந்த அறை ஈரமான பள்ளிக்கூடப் பை போல நாறிக்கொண்டிருந்தது.

வருடா வருடம் அந்தக் கட்டடத்தில் ‘கோணல் கலைக் காட்சி’ நடக்கும். விதி ஒன்றுதான்: எதையும் கடையில் வாங்கி வைக்கக் கூடாது, குப்பையிலிருந்து கையால் செய்ய வேண்டும். போன வருடம் மூன்றாவது மாடிப் பல் டாக்டர் பழைய பிரஷ்களால் ஒட்டகச்சிவிங்கி செய்தார். அது எந்த வாய்களில் எல்லாம் இருந்துவிட்டு வந்தது என்ற யோசனையில் யாரும் பக்கத்தில் போகவில்லை. அதே காட்சிக்கு ஆள் உள்ளே படுக்கும் அளவுக்கு ஒரு அட்டைச் செருப்பு செய்து வைத்தபோதுதான், நான்காவது மாடியில் இப்படி ஒரு மனிதன் ஆறு வருடமாக இருக்கிறான் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது. துணிக்கடைகளின் கண்ணாடி ஜன்னல்களுக்கு யானையும் நிலாவும் செய்து கொடுப்பவன் என்று தெரிந்துகொண்டார்கள். பெயரைத்தான் யாரும் கேட்கவில்லை. கையில் எப்போதும் பசை இருந்ததால் ‘பசை சார்’ ஆகிவிட்டான்.

இந்த வருடம் சங்கச் செயலாளர் அம்மாவே மாடியேறி வந்து கேட்டாள்.

“பசை சார், ஒரு முழு வீடு செஞ்சிடுங்களேன். சாப்பாட்டு மேஜை, சுத்தி ஒரு குடும்பம். பாக்கறவங்க கண்ணு கலங்கணும். உங்களுக்கு வீட்ல தொந்தரவு பண்ண ஆளும் இல்ல, நேரம் நிறைய இருக்கும்.”

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

அவன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சனிக்கிழமை. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. பெரிய சண்டை எதுவும் இல்லை. தட்டு வைத்து, சோறு போட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, ஒரு நாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “மேஜைல உங்க நாற்காலி காலியாத்தானே இருந்துச்சு? நாங்க போனா உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?” என்று மட்டும் கேட்டாள். வித்தியாசம் தெரிந்தது. இப்போது சனிக்கிழமை மகளைக் காட்சிக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாள். “வந்து பாக்கறேன். நீங்க மனுஷனா உக்காந்து நாலு வார்த்தை பேசினா, லீவு முழுக்க அவ உங்ககூட இருக்கட்டும். மறுபடி பசையும் கையுமா நின்னீங்கன்னா அப்படியே கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அதனால்தான் அப்பா பொம்மையை மேஜையின் தலைமாட்டில் உட்கார வைத்தான். அதனால்தான் அதற்குத் தன் முகத்தையே அச்செடுத்தான். அளவெடுக்க வேறு மனிதர்களும் கிடைக்கவில்லை.

அம்மா பொம்மைக்கும் மகள் பொம்மைக்குமே காகிதம் தீர்ந்துவிட்டது. அறுபது வீட்டில் செய்தித்தாள் வாங்குபவர் ஒருவர்தான், அவரும் அதை அலமாரியில் விரித்துவிடுவார். எனவே பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கினான். மதிப்பெண் பட்டியல்கள், வேலைக்குச் சேர்ந்த கடிதம், மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகள், மனைவிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட பதினோரு கடிதங்கள், மகள் முதன்முதலில் ‘அப்பா’ என்று எழுதிய கோடு போட்ட தாள். எல்லாவற்றையும் பட்டை பட்டையாகக் கிழித்துப் பசையில் ஊறப்போட்டு, அப்பா பொம்மைக்கு அடுக்கடுக்காக ஒட்டினான். நல்ல காகிதம், உழைக்கும் என்று நினைத்தான்.

தப்பு அதில் இல்லை. அவன் செய்த தப்பு, தொழில் தெரிந்த எவனும் செய்யாதது. முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக நான்கு நாள் காய்ந்த பிறகுதான் சேர்த்து மூட வேண்டும். மழைக்காலம், நாள் இல்லை. திங்கட்கிழமை இரவே மூடிவிட்டான். உள்ளே ஈரம் ஈரமாகவே இருந்தது.

புதன்கிழமை அறையைத் திறந்தபோது மேஜை மேல் வைத்திருந்த பொம்மையின் கைகள் மடியில் இருந்தன. காயும்போது காகிதம் இழுக்கும், முறுக்கும், சில சமயம் ராத்திரியில் முனகக்கூடச் செய்யும். அதெல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். கைகளைத் தூக்கி மறுபடி மேஜை மேல் வைத்தான். அப்போது ஒரு வாசனை வந்தது. பசை இல்லை. துத்தம் இல்லை. சாயங்காலம் கழற்றிப் போட்ட சட்டையின் கழுத்துப்பட்டையில் இருக்குமே, அது. தன்னுடைய சட்டை.

மகளின் அழைப்பு வந்தது.

“அப்பா, செட்டுல நான் இருக்கேனா?”

“இருக்கே. அம்மாவும் இருக்காங்க. நானும் இருக்கேன்.”

“நீ எதுக்கு? நீதான் நிஜமாவே இருப்பியே!”

“தலைமாட்டுல ஒருத்தர் உக்காரணும்ல, குட்டி.”

“சரி, என் மூக்க சின்னதா வை. காஞ்சுதான்னு நான்தான் பாப்பேன், கன்னத்துல வச்சு. நீ சொல்லிக் குடுத்தேல்ல?”

“நீயே பாரு.”

“அப்பா, உனக்கு சளியா? மூச்சு விடறது கேக்குது.”

அவன் மூச்சை நிறுத்திப் பார்த்தான். இடது மூக்கு அடைத்த, லேசாக விசிலடிக்கிற மூச்சு. சின்ன வயதிலிருந்து அவனுக்கு அப்படித்தான். நிறுத்திய பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது, மேஜையின் தலைமாட்டிலிருந்து.

வியாழக்கிழமை அவனுக்குப் பசிக்கவில்லை. பசை வாளியில் கையை விட்டபோது தண்ணீர் சில்லென்றும் இல்லை, வெதுவெதுப்பாகவும் இல்லை. கைகள் லேசாக இருந்தன. மின்விசிறி போட்டால் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மதியம் வாசலுக்குப் போனவனை வாட்ச்மேன் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“என்ன சார், இப்பதானே மேல போனீங்க? சாப்பிட்டியான்னு கேட்டீங்க, குடும்பத்தப் பத்தி எல்லாம் விசாரிச்சீங்க. ஏழு வருஷத்துல மொத தடவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

“நானா?”

“பின்ன நானா? நல்லா சிரிச்சுப் பேசினீங்க சார். அப்படியே இருங்க.”

நான்காவது மாடிக்கு ஓடினான். வீடு பூட்டியிருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனான். ஒரு வருடமாகத் துடைக்காத சாப்பாட்டு மேஜை துடைத்திருந்தது. மூன்று தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடுப்பங்கரையிலிருந்து மேஜை வரை, தரையில், காயாத பசையில் ஐந்து விரல்களும் பதிந்த கால் தடங்கள். அவன் தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. பொம்மையைக் கிழித்துக் கூடையில் போட்டுவிடலாம்தான். ஆனால் நாளைக்கு நான்கு மணிக்கு மகள் வருகிறாள், அப்பா இல்லாத மேஜையையா காட்டுவது? மூடிய பொம்மைக்குள் ஈரம் நின்றுவிட்டால் அதற்கு ஒரே வைத்தியம், முதுகைக் கீறிக் காற்றாட விடுவது. பிறகு ஒட்டி, வண்ணம் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. தொழில்தான் அவனுக்குத் தெரிந்த ஒரே தைரியம்.

கத்தியை எடுத்தான். கதவைத் திறந்தே வைத்தான். வெளியே நடைபாதையில் யாராவது வரமாட்டார்களா என்று பார்த்தான். லிஃப்ட் இறங்கியது, திறந்தது. காலி. மூடிக்கொண்டது.

பொம்மையின் பின்னால் போய் நின்றான். அதன் பிடரியில், அவன் வரையாத இடத்தில், மெல்லிய முடி இருந்தது. முடியின் அடியில் வியர்வை.

தோள்பட்டைகளுக்கு நடுவே கத்தியை இறக்கி, நேராக, ஒரே இழுப்பாக இடுப்பு வரை கீறினான்.

பொம்மை அசையவில்லை. அதன் முதுகில் ஒரு கீறல்கூட விழவில்லை.

காற்றடித்தது. அவன் முதுகுக்குள்.

சட்டைக்குள் இல்லை. முதுகுக்குள். மழைக்காற்று உள்ளே புகுந்து, விலா எலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் சுற்றி, தொண்டை வழியாக வெளியே வந்தது. கையைப் பின்னால் கொண்டு போனான். நேரான பிளவு. விளிம்பில் அடுக்குகள். ஒன்று, இரண்டு, மூன்று. விரலில் ரத்தம் இல்லை. விரலில் ஒரு துணுக்கு வந்தது. கோடு போட்ட தாள். பென்சிலில், கோணலாக, ‘அப்’ என்று இருந்தது. மீதி எழுத்து இல்லை.

கத்த வாயைத் திறந்தான். சலசலப்பு மட்டும் வந்தது.

கால்கள் நிற்கவில்லை. மகள் பொம்மையைப் பிடிக்கப் போனான், கை வளையவில்லை. ஒரு நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஒரே நிமிடம். தலைமாட்டு நாற்காலி காலியாக இருந்தது.

காலியாக இருந்தது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் தோள்களைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தன. சூடான கைகள். அவன் கைகளை எடுத்து மேஜை மேல் வைத்தன. அழுத்திப் பிடித்து, பிளவை மூடி, மேலே ஒரு பட்டை ஒட்டி, நுனியைக் கட்டை விரலால் நீவிவிட்டன. அவனும் அப்படித்தான் நீவுவான். பிறகு வண்ணத் தூரிகை கண்களுக்கு வந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. பல் டாக்டர் இம்முறை பிரஷ்களால் முதலை செய்திருந்தார். செயலாளர் அம்மா எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்து, “இதப் பாருங்க, நம்ம பசை சார் செஞ்ச வீடு. அந்த அப்பா மூஞ்சில என்ன ஒரு ஏக்கம்! பாத்தாலே கஷ்டமா இருக்குல்ல?” என்றாள். யாரோ படம் எடுத்தார்கள். யாரோ, “கொஞ்சம் ஓவரா சோகமா இருக்கு” என்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் ஓடி வந்தாள். ஒரு வருடத்தில் வளர்ந்திருந்தாள். மூக்கு சின்னதாகத்தான் இருந்தது. கதவருகே மனைவி நின்றிருந்தாள். ஒரு வருடமாகப் பார்க்காத சிரிப்பு. பக்கத்தில் நின்றவனிடம் என்னவோ சொன்னாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் கைகள் சுத்தமாக இருந்தன. “இன்னும் சொல்லு” என்று அவன் சொன்னது மேஜை வரை கேட்டது.

“அப்பா, டெஸ்ட் பண்ணட்டுமா?” என்று மகள் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

“பண்ணு குட்டி.”

அவள் குனிந்தாள். மேஜை மேல் இருந்த கையில் கன்னத்தை வைத்தாள். இவ்வளவு பக்கத்தில் அவளுடைய தலைமுடி. அதன் வாசனை எட்டவில்லை. ஒரு சொட்டு போதும். எங்காவது ஒரு சொட்டு ஈரம் மிச்சமிருந்தால் அவளுக்குச் சில்லென்று தெரியும், நிமிர்ந்து பார்ப்பாள், அந்தக் கண்களைப் பார்ப்பாள்.

அவள் நிதானமாக, சொல்லிக் கொடுத்தபடி, பத்து வரை எண்ணினாள்.

“சூப்பரா காஞ்சிடுச்சுப்பா,” என்று சொல்லிவிட்டு, கதவை நோக்கி ஓடினாள்.