கம்பி தின்னும் தண்ணீர்

சிலிண்டர் முந்தாநாளே காலி. ஆனாலும் குழாயைத் திறந்ததும் தண்ணீர் சுட்டது.

க்ளெனிஸ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தேநீர்க் குவளை தொட்டிக்குள் விழுந்து உருண்டது. வெயிலில் காய்ந்த தண்ணீராக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள், ஆனால் இது குளிர்காலம், வெளியே காற்று காதை அறுக்கிறது, காலையிலிருந்து செம்புழுதி வானத்தை மூடிக் கிடந்ததில் சூரியனையே அவள் சரியாகப் பார்க்கவில்லை. கரண்டும் கிடையாது. காருக்குப் பின்னால் இழுத்துவரும் இந்தக் கேரவன் வீட்டில் கேஸ் இல்லாமல் தண்ணீரைச் சூடாக்க வேறு வழியே இல்லை.

பின்பக்கக் குளியலறையில் ஷவர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் புருஷன் மெர்வ்.

வெளியே விறகு மூட்டி அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது உள்ளே போனவன். இப்போது அந்த நெருப்பே சாம்பலாகிவிட்டது. மெர்வ் குளியல் விஷயத்தில் மகா கஞ்சன். தலையில் ஊற்றிய தண்ணீர் கணுக்காலுக்கு வருவதற்குள் துண்டைத் தேடுகிறவன். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்துதான் மனுஷன் காலையும் மாலையும் ஷவரே கதி என்று கிடக்கிறான்.

இந்த இடம் என்றால், ரயில் நின்றுபோன ஒரு பழைய நிறுத்தம். கூரை பறந்துபோன கல் கட்டடம், ஒரு போர்வெல், அதன் பக்கத்தில் துருப்பிடித்த தொட்டி, சுற்றிலும் உப்புப் புதர். பல்லாரட் ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ரோட்டோடு வாழக் கிளம்பிய அவர்களுக்கு இது ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போக வேண்டிய இடம்தான். மெர்வ் கிளம்ப மாட்டேன் என்கிறான். தண்ணீர் பிடித்துப்போய்விட்டதாம்.

வந்த அன்று சாயங்காலம் பக்கத்தில் வண்டி போட்டிருந்த லாய்ட் என்ற கிழவர், நாற்காலியையும் பீரையும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேரவன்காரர்கள் அந்த நேரத்தில் கூடினால் பேச்சு ரோடு, டயர், தண்ணீர் என்றுதான் போகும். போர்வெல்லிலிருந்து கேரவன் டேங்கை நிரப்பிவிட்டதாக மெர்வ் பெருமையாகச் சொன்னதும் லாய்ட், ஹீட்டரில் கம்பி இருக்கிறதா என்று கேட்டார். ஹீட்டருக்குள் ஒரு மக்னீசியக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கெட்ட தண்ணீர் ஹீட்டர் டேங்கின் இரும்பைத் தின்றுவிடாமல் இருக்க அதற்குத் தின்னக் கொடுப்பது. அது கரைந்து தீர்ந்தால் வேறு மாட்ட வேண்டும்.

"பழசு தீந்துபோச்சு. புதுசு கைவசம் இருக்கு, ஆனா மாட்டல," என்றான் மெர்வ். "இந்த உப்புத் தண்ணிக்கு நல்ல கம்பிய எதுக்கு வீணாக்கணும்? ஓட்டைய பித்தளை மூடி போட்டு அடைச்சுட்டேன். நல்ல தண்ணி கெடைக்கிற ஊரு வரட்டும், மாட்டிக்கலாம்."

லாய்ட் சிரிப்பார் என்று க்ளெனிஸ் எதிர்பார்த்தாள். அவர் போர்வெல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது எதையாவது தின்னுதான மெர்வ் ஆகணும்," என்றார்.

விடிந்து பார்த்தால் அவர் வண்டி இல்லை. கேன் எல்லாம் காலியாக இருந்தும் இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பிடிக்காமல் போயிருந்தார்.

நேற்று இன்னொன்று நடந்தது. மெர்வ் பீர் டப்பாவை எடுத்தபோது அவன் விரலில் கல்யாண மோதிரம் டப்பாவில் லொடலொடவென்று தட்டியது. எத்தனையோ வருஷமாகச் சோப்புப் போட்டு இழுத்தாலும் அசையாத மோதிரம். மெலிந்துவிட்டேன் பார், இனிமேல் பெண்கள் விடமாட்டார்கள் என்றான். கண் தெரியாத பெண்ணாகப் பார்த்துப் பிடி என்று அவளும் சிரித்தாள்.

டிக். டிக். படுக்கைக்கு அடியில், ஹீட்டர் இருக்கும் பக்கம் சத்தம். சூடேறும் தகரம் போடும் சத்தம்தான், அவளுக்குப் பழகியது, ஆனால் அடியில் எரிய நெருப்பில்லாமல் அது எப்படி வரும்? தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதற்கடியில் இப்போது வேறொன்று வந்தது. நாக்கில் காசை வைத்தால் வருமே, அந்த ருசி, மூக்கு வழியாக.

குளியலறைக் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள்.

"மெர்வ், போதும், வெளிய வா."

"வரேன் கண்ணு. கொஞ்சம் இரு." குரல் நெஞ்சிலிருந்து வரவில்லை. காலி டின்னுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. "தண்ணி என்ன சொகமா இருக்கு தெரியுமா."

க்ளெனிஸ் பேட்டரியில் ஓடும் பம்பின் ஸ்விட்சை அணைத்தாள். பம்பின் உறுமல் நின்றது.

ஷவர் நிற்கவில்லை.

பயந்துவிட்டாள், அதை மறைக்க அங்கே யாரும் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினாள், கதவைத் தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. உள்ளே அவன் மெல்ல முனகிப் பாடிக்கொண்டிருந்தான். ஹீட்டரைக் காலி செய்து தண்ணீரை நிறுத்தினால் வெளியே வருவான். அது ஒன்றுதான் அவள் மூளையில் ஓடியது. அவனை உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட வேண்டும், கேரவன் இங்கேயே கிடந்து நாசமாகப் போகட்டும்.

அவள் வெளியே ஓடினாள். ஊசிக்காற்று. புழுதிக்குள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சமையலும் படுக்கையும் பெண்ணுக்கான ரோஜா வேலை, கேஸும் ஹீட்டரும் சாக்கடைக் குழாயும் ஆணுக்கான நீல வேலை. ரோட்டில் வாழும் ஜோடிகள் எல்லாரும் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால் கேரவனின் வெளிச்சுவரில் ஹீட்டரை மூடியிருக்கும் அந்தச் சின்ன இரும்புக் கதவை இதுவரை அவள் தொட்டதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு, அவன் செய்வதைக் கேலி செய்தபடி பார்த்ததோடு சரி. மேலே இருக்கும் வால்வைத் தூக்கி அழுத்தத்தை விட வேண்டும். பிறகு நீள ஸ்பேனர். பிறகு ஒதுங்கி நிற்க வேண்டும், கொதிதண்ணீர் பீறிடும்.

கதவைத் திறந்து வால்வைத் தூக்கினாள். யாரோ மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். ஸ்பேனரைக் கொடுத்துப் பித்தளை மூடியைக் கழற்றினாள், ஒதுங்கினாள்.

ஒன்றும் வரவில்லை.

குனிந்து டார்ச் அடித்தாள். டேங்க் காய்ந்து கிடந்தது. உப்பு இல்லை, துரு இல்லை, ஒரு கீறல் இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம்போலச் சுத்தம். உள்ளே ஷவர் ஓடும் சத்தம் மட்டும் ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

டேங்கை அது தின்னவில்லை.

அப்படியென்றால்?

கருவிப்பெட்டியைக் கவிழ்த்தாள். பழைய கம்பி உருண்டு வந்தது. ஒரு காலத்தில் கட்டைவிரல் கனம் இருந்தது. இப்போது சுண்ணாம்பு பூத்து, குழிகுழியாக அரித்து, நடுவில் மெல்லிய ஒற்றை உருக்குக் கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அதனடியில் புதியது, உறை பிரிக்காமல். அவன் மிச்சம் பிடித்து வைத்தது.

உறையைப் பல்லால் கிழித்தாள். ஓட்டைக்குள் விட்டுத் திருகினாள். மரை ஏறவில்லை. மறுபடியும். ஏறியது. முழு பலத்தோடு முறுக்கினாள்.

"இந்தா, தின்னு," என்று அழுதாள். "இதத் தின்னு. அவன விட்டுடு."

டேங்குக்குள் சுர்ர்ரென்று நுரைக்கும் சத்தம்.

ஷவர் நின்றது.

க்ளெனிஸ் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. கிழட்டு முட்டாள், வெளியே வரட்டும், முதலில் நாலு அறை விடுகிறேன், அப்புறம் கட்டிப்பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். காற்றுகூடக் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது.

சுர்ர் சத்தம் மெலிந்தது. நின்றது.

ஷவர் மறுபடி தொடங்கியது.

ஸ்பேனர். திருகல். கையோடு வந்தது புதுக் கம்பி. கம்பியா அது? ஒரு பிடி வெள்ளைப் பொடி அவள் மடியில் கொட்டியது. கையில் மிஞ்சியது மெல்லிய உருக்கு. ஒற்றையாய்.

உள்ளே ஓடினாள். தரையெல்லாம் ஈரம். குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பால் நிறம். சூடு. செருப்பில்லாத அவள் காலைத் தொட்டதும் சுகமாக இருந்தது. ஐயோ, அவ்வளவு சுகமாக இருந்தது.

"மெர்வ்."

பாட்டு நின்றது. தாழ்ப்பாள் விலகியது. உள்ளிருந்து ஆவி.

கதவு விளிம்பைப் பிடித்தபடி ஒரு கை வந்தது. சுண்ணாம்பு வெள்ளை. குழிகுழி. ஒவ்வொரு குழியிலும் சின்ன நுரை. விரல் இருந்த இடத்தில் விரல் இல்லை. ஐந்து மெல்லிய கம்பிகள். நாலாவது கம்பியில் மோதிரம் தொங்கி ஆடியது.

ஆவி விலகியது. முகத்தில் மிச்சமிருந்த பாதி அவளைப் பார்த்துச் சிரித்தது. அவனேதான். அவளைப் பார்த்து எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

"வா கண்ணு," என்றான் மெர்வ். "நீயும் வேணும்னு கேக்குது."

மோதிரம் கழன்று விழுந்து, ஈரத்தில் உருண்டு, அவள் பாதத்தில் முட்டி நின்றது. குனிந்து எடுக்கப் போனாள். கால் விரல் நகங்களைச் சுற்றி வெள்ளை நுரை பூத்திருந்தது.