ரெண்டு தில்லைநாயகம்... ஒரே பாக்கெட்!

"ஐயோ... யாராச்சும் ஓடியாங்களேன்!"

குற்றாலத்து லாட்ஜ் மாடியில், ரூம் பெருக்க வந்த மீனா அலறினாள்.

படிக்கட்டில் பெரிய தில்லைநாயகம் குப்புறக் கிடந்தான். வயது நாற்பத்தேழு. விரலிடுக்கில் சிகரெட் புகைந்து கொண்டிருந்தது.

புகைத்தவன் அணைந்திருந்தான்!

லாட்ஜில் பங்குதாரர் இருவர். அண்ணன் தம்பி மக்கள். தாத்தா பெயரையே இரண்டு பேருக்கும் வைத்த குடும்பம். பக்தியா, வேறு பெயர் யோசிக்கச் சோம்பலா... தெரியாது.

ஒருவன் போனால் முழு லாட்ஜும் மற்றவனுக்கு என்று பத்திரம்!

மறுநாள்.

மற்றவன்... சின்ன தில்லைநாயகம், ஸ்டேஷனில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"டாக்டரு மாரடைப்புன்னு சொல்லிட்டாரு. பொறவு எதுக்கு மேடம் கூப்பிட்டிய?"

"அவரு சம்சாரம் சந்தேகம்னு எழுதிக் குடுத்திருக்கா அண்ணாச்சி."

இன்ஸ்பெக்டர் ரெபேக்காள் ஒரு காகிதத்தை மேஜைமேல் எறிந்தாள்.

"உங்க டிராயர்ல இருந்துச்சு. என்னது?"

"ஜீன் டெஸ்ட்டு. போன வருசம் தென்காசில ரெண்டு பேரும் எடுத்தோம். ஒருத்தனுக்குச் சுத்தம். இன்னொருத்தனுக்கு ஜீன்ல மாறுதல்... சிகரெட்டும் சேந்தா இதயத்துக்கு ஆபத்து ரொம்பக் கூடும்னு போட்டுருக்கு."

"அவருகிட்ட காட்டலையோ?"

"மறந்துட்டேன்."

"தினம் ஒரு பாக்கெட் வாங்கிக் குடுக்க மட்டும் மறக்கலை!"

"அவன் தனியா பிடிக்க மாட்டான். கம்பெனிக்கு நானும் பிடிச்சேன்." சிரித்தான். "சிகரெட்டு என்ன அரிவாளா? கேஸ் போடுங்களேன் பாப்போம்!"

"மாறுதல் அவருக்குத்தான்னு யாரு சொன்னா?"

"அவன் அப்பன்தானே நெஞ்சடைச்சுச் செத்தான்!"

"ஓஹோ... அப்ப உங்க அம்மாகிட்ட இருந்து உங்களுக்கு ஜீன் எதுவும் வரலையாக்கும்?"

"என்ன சொல்லுதிய?"

"ரெண்டு கவர்லயும் இங்கிலீஷ்ல 'பி. தில்லைநாயகம்'னுதான் அடிச்சிருக்கான். அவரு பரமேஸ்வரன் மகன். நீங்க பிச்சைமணி மகன். ஒரே இனிஷியல்! கள்ளத்தனமா கவரைப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, உள்ள இருக்க ரசீது நம்பரைப் பாக்கத் தெரியலை. நான் லேப்ல கேட்டுட்டேன்."

"கேட்டு...?"

"சுத்தமான ரிப்போர்ட் அவருது. இது... உங்களுது!"

சின்ன தில்லையின் கால் தானாக இறங்கியது.

"பொய்! அப்ப அவன் எப்படிச் செத்தான்?"

"ஜீன் சுத்தமா இருந்தா சிகரெட்டு சும்மா விட்டுருமா? சுத்தமான ஆளே போயாச்சு. உங்களுக்கு ரெண்டும் இருக்கு அண்ணாச்சி!"

இடது நெஞ்சைத் தடவினான். லாட்ஜ் மறந்து போனது.

"மேடம்... என்னை அரெஸ்ட் பண்ணுதியளா?"

"நான் எதுக்கு?" ரெபேக்காள் ஃபைலை மூடினாள்.

"உங்க இதயமே பண்ணிரும்... அதுக்கு வாரண்ட்டும் வேண்டாம், ஜாமீனும் கிடையாது!"