நூறு கோழிக்கு ஒரு குப்பி

நாவலேரியில் கோழிகளுக்குத் தெரு கிடையாது. காலையில் கோழிகளை மூடிவைத்த பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் போதும், கீழத்தெருக் கோழி மேலத்தெருக் குப்பையைக் கிளறும். மேலத்தெருச் சேவல் கீழத்தெருக் கூரையில் ஏறிக் கூவும். பொழுது சாய்ந்தால் எல்லாம் அதனதன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

மனிதர்கள்தான் முறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லையை எங்கே போடுவது என்று சர்க்கார் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. நாவலேரி, புத்தூருக்குப் பக்கத்தில் இருந்தது. "நம்ம ஊரை மெட்ராஸோட சேர்க்கணும்" என்று மேலத்தெரு மனு எழுதியது. "ஆந்திராவே போதும். சந்தையும் ஆஸ்பத்திரியும் இங்கதான் கீது" என்று கீழத்தெரு இன்னொரு மனு எழுதியது. பெரிய ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். இரண்டு மனுவையும் வாங்கினார். இரண்டு தெரு இளநீரையும் குடித்தார். போய்விட்டார். அவர் போய் ஆறு மாதம் ஆகியும் இரண்டு தெருவும் பேசிக்கொள்ளவில்லை.

கீழத்தெருவில் இருந்த சந்திரம்மாவுக்குப் பத்து வயது. எல்லை எங்கே வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் அவளுடைய அத்தை கங்கம்மா மேலத்தெருவில் வாக்கப்பட்டிருந்தாள். அத்தை அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். கோழி வளர்க்கக் கற்றுக்கொடுத்ததும் அத்தைதான். மனு எழுதிய நாளிலிருந்து அம்மாவும் அத்தையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சந்திராவுக்கு அது தாங்கவே முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் நைனா, அவளுடைய அப்பா முனியப்பன், ஒரு செய்தியோடு அம்மாவிடம் வந்தார்.

"சென்னம்மா, ஏரிக்கு அந்தாண்ட ஊர்ல கோழிக்கெல்லாம் வெள்ளைக்கழிச்சல் வந்துட்டுதாம். கழுத்தைத் திருப்பிக்கினு விழுந்து விழுந்து சாவுதாம்."

சந்திரா ஓடிப்போய்த் தன் கோழிகளை எண்ணினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த நோய் இந்த ஊருக்கும் வந்திருந்தது. நாலே நாளில் அவளுடைய பதினோரு கோழிகளும் போய்விட்டன. இப்போது அவளிடம் ஒன்பது கோழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் குஞ்சிலிருந்து குருணை போட்டு, பருந்துக்குத் தப்பவைத்து ஆளாக்கியவள் அவள்தான்.

சனிக்கிழமை நைனா வேர்க்கடலை மூட்டையோடு புத்தூருக்கு வண்டி கட்டினார். "நானும் வரேன் நைனா" என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

மாட்டாஸ்பத்திரியில் சிட்டிபாபு என்ற கம்பவுண்டர் இருந்தார். பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசுகிற மனிதர்.

"ஏம் பாப்பா, மாடு எங்க?"

"மாடு இல்ல சார், கோழி. வெள்ளைக்கழிச்சல் வராம இருக்க ஊசி கீதாமே?"

"உந்தி, உந்தி. இருக்கு. எத்தனை கோழி?"

"ஒம்போது."

சிட்டிபாபு சிரிக்கவில்லை. வைக்கோல் அடைத்த ஒரு பெட்டியிலிருந்து சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார்.

"இதோ பாரு. இதை உடைச்சா நூறு கோழிக்குப் போடலாம். உடைச்ச ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிச்சிடணும். அப்புறம் மருந்து வீணாயிடும். ஒம்போது கோழிக்கு உடைச்சா மீதியை மண்ணுலயா ஊத்துறது?"

"குஞ்சுங்களையும் சேர்த்துக்கலாமா சார்?"

"ரெண்டு மாசத்துக்குச் சின்னது கணக்குல சேராது. நூறு கோழி சேர்த்து வை. வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நேனே வஸ்தானு, நானே வரேன். ஆனா ஒண்ணு. ஊசி போட்டா ரெண்டு மூணு நாள் மந்தமா உக்காந்துக்கும். பயப்படாதே."

சந்திரா பெட்டியை எட்டிப் பார்த்தாள். "இந்த மருந்தை இங்கயே செய்றீங்களா சார்?"

"இங்க மாட்டைக் கட்டவே இடமில்லை, மருந்து எங்க செய்றது! ராணிப்பேட்டையில செய்றாங்க. ஐஸ்ல வெச்சு ரயில்ல வருது."

ஊருக்கு வந்ததும் சந்திரா கீழத்தெருவில் வீடு வீடாக ஏறி எண்ணினாள். அறுபத்தோரு கோழிகள். எப்படி எண்ணினாலும் அறுபத்தொன்றுதான். மேலத்தெருவைக் கூப்பிடாமல் முடியாது.

கீழத்தெருவில் துலுக்காணம் மாமா சொன்னால்தான் எதுவும் நடக்கும். அவர் மீசையைத் தடவினார். "அவங்க கோழியோட நம்ம கோழி நிக்கறதா? மெட்ராஸ்காரங்களுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரட்டும்."

"அறுபத்தொண்ணுக்கு குப்பியை உடைக்க மாட்டாராம் மாமா. நம்ம கோழிங்க செத்துப்பூடும்."

"போடுறவரு எந்த ஊரு?"

"புத்தூர்."

"நம்ம ஆந்திரா ஆளு! அப்ப மேலத்தெருவும் நம்ம ஊசிதான் போட்டுக்கணும், இல்ல? சரி, கூப்பிடு" என்றார் துலுக்காணம். அவருக்கு ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது.

மேலத்தெருவில் தணிகாசலம் பெரியப்பா எகிறினார். "ஆந்திரா ஊசியா? போட்டா நம்ம கோழியையும் ஆந்திரா கோழின்னு எழுதிக்குவாங்க!"

"போடுற கைதான் புத்தூர், பெரியப்பா. மருந்து ராணிப்பேட்டை. ராணிப்பேட்டை மெட்ராஸ்லதானே கீது?"

தணிகாசலம் ஒரு நிமிஷம் யோசித்தார். "நம்ம மருந்து! அப்ப கீழத்தெருவும் நம்ம மருந்தைத்தான் போட்டுக்கணும், இல்ல? சரி, வரோம்." அவருக்கும் ஜெயித்த மாதிரியே இருந்தது. ஆளுக்கொரு வெற்றியைக் கையில் கொடுத்துவிட்டு சந்திரா நகர்ந்தாள்.

ஆனால் அத்தை வீட்டை விட்டுவிட்டால் மேலத்தெருவில் இருபது கோழிதான் தேறியது. அத்தையிடம் மட்டும் இருபத்துநாலு இருந்தன.

சந்திரா அத்தையின் தோட்டத்துக் கதவைத் தள்ளினாள். அத்தை முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்க்காதது போல மறுபடி புடைத்தாள்.

பேசாதவர்களிடம் எப்படிப் பேசுவது? சந்திரா குனிந்து, முறத்தடியில் பொறுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக் கோழியிடம் பேசினாள்.

"ஏ வெள்ளச்சி, ஏரிக்கு அந்தாண்ட உன் சொந்தக்காரங்கல்லாம் சாவுறாங்களாம். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தாண்ட ஊசி போடுறாங்க. வரியா?"

அத்தையும் கோழியைப் பார்த்தே பதில் சொன்னாள். "வெள்ளச்சி, நம்ம வீட்ல வேப்பெண்ணெய் கீது, ஊசியெல்லாம் வேணாம்னு சொல்லு."

"வெள்ளச்சி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் வேப்பெண்ணெய்தான் ஊத்தினோம். என் பதினோரு கோழியையும் நானும் உங்க வீட்டம்மாவும்தான் புதைச்சோம். மறந்துட்டாங்களான்னு கேளு."

முறம் நின்றது.

"மறக்கலடி" என்றாள் அத்தை. இந்த முறை கோழியைப் பார்த்துச் சொல்லவில்லை. "நீ மூணு நாளா சோறு துன்னாம கிடந்தியே, அதை மறப்பனா? கோழிங்களை எம் பையன் தாமோதரன்கிட்ட குடுத்து அனுப்பறேன். நான் வர மாட்டேன். உங்கம்மா இருப்பா."

பையன் வந்தாலும் சரி, கூடை வந்தாலும் சரி என்று சந்திரா ஓடிவந்துவிட்டாள். வாசல் தாண்டியதும் கண் கரித்தது. அத்தை அவளை 'அடி' போட்டுக் கூப்பிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான் சொன்னாள். "நாளைக்கு காலைல கூடையைத் தூக்காதீங்க. தூக்கினீங்கன்னா புடிக்க முடியாது."

இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆதிநாராயணன் வாத்தியார், "ஒரு நாளைக்குக் கோழிங்களும் படிக்கட்டுமே" என்று வாசலைத் திறந்துவிட்டார். காலையில் கூடை கூடையாக வந்து இறங்கியது. கீழத்தெருக் கூடைகள் இந்தப் பக்கம், மேலத்தெருக் கூடைகள் அந்தப் பக்கம். மனிதர்களும் அப்படியே நின்றார்கள்.

சிட்டிபாபு வந்தார். நூற்றைந்து என்று எண்ணி முடித்தார். "அஞ்சு கூட, பரவாயில்லை, சரிக்கட்டிடலாம்" என்று குப்பியை உடைத்தார். மருந்தைக் கரைப்பதற்காகப் பனிக்கட்டியில் குளிரவைத்திருந்த நீரை ஊற்றிக் கலக்கினார். ஊசி போட்ட கோழி எது, போடாதது எது என்று குழம்பக்கூடாதே! சந்திரா வாத்தியாரின் ஊதா மைக்கூட்டை எடுத்துவந்து, ஊசி போட்ட ஒவ்வொரு கோழியின் தலையிலும் ஒரு சொட்டு வைத்தாள்.

முப்பது கோழிவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முப்பத்தொன்றாவது, தணிகாசலம் பெரியப்பாவின் சண்டைச் சேவல். ஊசியைக் கண்டதும் அது எகிறிக் குதித்தது. பக்கத்துக் கூடை கவிழ்ந்தது. அந்தக் கூடையிலிருந்து பறந்த கோழிகள் அடுத்த கூடையைக் கவிழ்த்தன. கண்மூடித் திறப்பதற்குள் ஊர்க் கோழி முழுக்க மைதானத்தில் இருந்தது.

"புடி! புடி!" என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். துலுக்காணம் ஒரு கோழிக்குப் பாய்ந்து சாணியில் விழுந்தார். சிட்டிபாபு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "டைம் போயிந்தி! டைம் போகுது!" என்று கத்தினார்.

சந்திரா ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள். "யாரும் ஓடாதீங்க! தொரத்தினா கோழி வருமா? எல்லாரும் அப்பிடியே குந்துங்க! பேசாதீங்க!"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு தெருவும் இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டன. சந்திரா கோழிகளுக்குக் கொண்டுவந்திருந்த கேழ்வரகை மடியில் அள்ளிக்கொண்டாள். "பா... பா... பா..." என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே, வாசலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் வரை கோடு போட்டது போலத் தூவினாள். முதலில் வெள்ளச்சி வந்தது. அதன் பின்னால் பத்து. அதன் பின்னால் ஊர் முழுக்க. கடைசியாக அந்தச் சண்டைச் சேவலும் ஒன்றும் தெரியாதது போல நடந்துவந்தது. வாத்தியார் கதவைச் சாத்தினார்.

உள்ளே எது யார் கோழி என்று பார்க்க நேரமில்லை. கையில் அகப்பட்டதைப் பிடித்தார்கள். தணிகாசலம் பிடித்த சேவல் திமிறியது. பக்கத்தில் இருந்தவர் துலுக்காணம்தான்.

"காலைப் புடிய்யா!" என்றார் தணிகாசலம்.

"புடிச்சிக்கினுதானே கீறேன்! நீ றெக்கையைப் புடி!" என்றார் துலுக்காணம்.

அவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை, அவர்கள் உட்பட.

நூற்றைந்தாவது கோழிக்கு ஊசி போட்டபோது நேரம் கால் மணி மிச்சம் இருந்தது.

மறுநாள்தான் வினை வந்தது. ஊர்க் கோழியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டன. தீனி எடுக்கவில்லை. ஒரு சேவல்கூடக் கூவவில்லை. "நல்லாருந்த கோழியை இழுத்துக்கினு போயி இப்பிடிப் பண்ணிட்டியே!" என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் சந்திராவைத் திட்டின. சண்டை போட்டவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"கம்பவுண்டர் சொன்னாரு, மூணு நாள் மந்தமா இருக்குமாம்" என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பயமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பும் இப்படித்தானே உட்கார்ந்தன? ஒருவேளை தன் கையாலேயே ஊர்க் கோழியைக் கொன்றுவிட்டோமோ? ஒன்பது கோழிகளுக்குப் பக்கத்திலேயே கோணியை விரித்துக் கிடந்தாள்.

நான்காம் நாள் விடியலில் மேலத்தெருவில் ஒரு சேவல் கூவியது. கொஞ்சம் கரகரத்த குரல்தான். உடனே கீழத்தெருச் சேவல் ஒன்று பதில் கூவியது. பிறகு ஊரே கூவியது. எத்தனையோ வருஷம் கழித்து, கல்யாணமாகித் திருப்பதியில் குடியேறிய பிறகும், பஸ் சத்தத்தில் கண் விழிக்கும் காலைகளில் சந்திரம்மா அந்தக் கூவலைத் தேடுவாள். அதைப்போல இனிமையான சத்தத்தை அவள் பிறகு கேட்டதே இல்லை.

வெள்ளைக்கழிச்சல் சுற்றிலும் மூன்று ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போனது. நாவலேரியில் மட்டும் ஊதாத் தலைக் கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்தன.

ஒரு காலை, அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மேலத்தெருவிலிருந்து ஒரு குரல் வேலியைத் தாண்டி வந்தது.

"ஏ சென்னம்மா! உன் கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறிப் போட்டுட்டுது! கண்ணு இன்னா பின்னாடியா கீது உனக்கு?"

அத்தையின் குரல். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஊருல எல்லாக் கோழியும்தான் ஊதாத் தலையோட திரியுது அண்ணி!" என்று அம்மா திருப்பிக் கத்தினாள். "என் கோழின்னு நீ எப்பிடிக் கண்டே?"

"நீயே வந்து பாருடி!"

"வரேன், இரு!"

அம்மா கையைக் கழுவினாள். உள்ளே போய்த் தலையை வாரிக்கொண்டாள். அடுக்குப்பானையைத் திறந்து எதையோ எடுத்து மடியில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

மடியில் ஆறு முட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவர் சண்டைக்குப் போவதைச் சந்திரா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.