யூரோப்பாவில் வெள்ளை உப்பு

உப்புமானியின் திரையில் ‘வயது: பதினோரு நாள்’ என்று வந்ததும், ஜெசிந்தா பனித்தரையில் அப்படியே மண்டியிட்டுவிட்டாள்.

யூரோப்பா நிலவுக்கு வந்து நான்கு ஆண்டுகளாக அவள் தேடியது இதைத்தான். பனிக்கு அடியில் இருக்கும் கடலிலிருந்து மேலே வரும் உப்பு முதலில் வெள்ளை வெளேரென்று இருக்கும். வியாழனின் கதிர்வீச்சு பட்டுப்பட்டு மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்வது உப்புமானி. நூறு வருடத்துக்குக் குறைந்த உப்பை அது இதுவரை பார்த்ததே இல்லை. புது உப்பு என்றால், அங்கே கடலுக்கு வழி இருக்கிறது என்று பொருள்.

“எங்கெல்லாமோ அலைஞ்சோம், கடைசில நம்ம வீட்டுப் பின்னாலயே கெடந்திருக்கு பாருங்க!” என்றாள் தலைக்கவச வானொலியில்.

பனிவண்டியை ஓட்டிவந்த அவள் கணவன் ரொசாரியோ இறங்கி ஓடிவந்தான். தலைக்கவசத்தோடு தலைக்கவசம் முட்ட அவளைக் கட்டிக்கொண்டான். “எனக்கு அப்பவே தெரியும் ஜெசி. நீ கண்டுபிடிக்காம யாரு கண்டுபிடிப்பா?”

இருநூறு அடி தள்ளியிருந்த தங்குகூட்டுக்குள் நுழைவதற்குள் அங்கிருந்த மற்ற பன்னிரண்டு பேருக்கும் சொல்லிவிட்டான். சமையலறையில் பாயசம் கொதித்தது.

ஜெசிந்தா மட்டும் ஒரு சிட்டிகை உப்பை நுண்ணோக்கியில் வைத்தாள். வெள்ளைப் படிகங்களுக்கு நடுவே பச்சைத் துகள்கள் மின்னின. கூட்டின் கால்களுக்குப் பூசிய வண்ணம் அது.

ரொசாரியோவைத் தனியே கூப்பிட்டாள்.

“இது கடலு உப்பு இல்லைங்க. நம்ம கூட்டுச் சூடு கீழ இருக்கிற பனியை உருக்கியிருக்கு. பழைய உப்பு கரைஞ்சு, விரிசல் வழியா வெளிய வந்து, திரும்ப உறைஞ்சிருக்கு. கரைஞ்சா மஞ்சள் போயிரும்லா? மானிக்கு அது புதுசாத்தான் தெரியும்.”

“அப்ப நம்ம காலுக்குக் கீழ...?”

“தண்ணி.”

அவன் ஓடிப்போய் அளந்தான். கூட்டின் ஒரு கால் ஒரு சாண் இறங்கியிருந்தது.

எல்லோரிடமும் அவன்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னான். “நாலு வருஷம் தேடினது கெடைக்கல. ஆனா இவ சந்தேகப்படலன்னா நாம பாயசத்தோட முங்கியிருப்போம்.”

இரண்டே நாளில் கூட்டைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தினார்கள். அங்கும் வெள்ளை பூத்தது. அதன்பின் நாற்பது நாளுக்கு ஒருமுறை இடம்மாறுவதே பிழைப்பானது.

ஒரு வருடம் கழித்து, நிலவைச் சுற்றிவந்த தானியங்கிச் செயற்கைக்கோளிடமிருந்து அறிக்கை வந்தது. உயிர் தேடுவதற்கென்று அனுப்பப்பட்டது அது. ‘வெள்ளைத் தடங்கள் நகர்கின்றன. வெப்பம் உள்ளது. கூட்டமாக வாழ்கிறது. மெலிந்த பனியைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டுள்ளது. உயிர் என்று உறுதிசெய்யவா? உறுதியானால், விதிப்படி மனிதர்கள் இப்பகுதியை விட்டு வெளியேற வேண்டும்.’

கீழே இரண்டே பொத்தான்கள்: உயிர் உண்டு, உயிர் இல்லை.

ரொசாரியோ வாய்விட்டுச் சிரித்தான். “அது பாத்தது நம்மளத்தான். இல்லன்னு அமுக்கிரு. நமக்கு எதுக்கு வம்பு?”

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிங்க இல்லன்னு சொல்ல?” என்றபடி ‘உயிர் உண்டு’ என்பதை அழுத்தினாள்.

மறுநாளே வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. மனிதர்கள் கிளம்பினார்கள். அவர்கள் போன வழியெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்தது. செயற்கைக்கோள் மகிழ்ச்சியோடு பின்தொடர்ந்தது.